44 ஆண்டுகளின் சம்பளம்

மகளிர் தினம் வந்தால் சாதனைப் பெண்களின் பட்டியல் ஒன்றை வகுப்பில் வாசிப்பேன். அமெரிக்கக் கணிதவியலாளர் கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் பெயர் அதில் கட்டாயம் இருக்கும். முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் 1882இல் முடித்தார். பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டது. 44 ஆண்டுகள் கழித்து, 1926இல், அதே பல்கலைக்கழகம் அதை வழங்கியது. மாணவிகள் கைதட்டுவார்கள். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "அந்த 44 வருஷமும் சம்பளத்துக்கு என்ன பண்ணாங்க மிஸ்?"

என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்த பிறகு, அந்தப் பட்டியலை வாசிப்பதையே விட்டுவிட்டேன்.

கிறிஸ்டின் 1847இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய பாட்டியிடம் அவர் வைத்த வாதம் இது: நம் பகுதியில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம், நானோ அழகியும் இல்லை, கணவன் கிடைப்பது கஷ்டம், ஆகவே பிழைக்க எனக்குப் படிப்பு வேண்டும். பாட்டி சம்மதித்தார். படிக்க ஆசை என்று சொன்னால் போதாது; கல்யாணம் ஆகாது என்று நிரூபித்தால்தான் கதவு திறக்கும்.

வாஸர் பெண்கள் கல்லூரியில் 1869இல் பட்டம் பெற்றார். அவருக்குப் பிடித்தது இயற்பியல். ஆனால் ஆய்வுக்கூடங்கள் பெண்களுக்குத் திறக்காத காலம் அது. காகிதமும் பேனாவும் போதும் என்பதால் கணிதத்துக்கு வந்தார். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே லண்டனின் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழுக்குக் கணக்குகளும் தீர்வுகளும் அனுப்பினார். அவற்றைப் படித்திருந்த பேராசிரியர் சில்வெஸ்டர் வாதாடியதால்தான் 1878இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆய்வு உதவித்தொகை கொடுத்தார்கள்; அதற்குரிய 'ஃபெலோ' என்ற பதவிப் பெயரை மட்டும் கொடுக்கவில்லை.

அவருடைய ஆய்வு தர்க்கத்தின் இயற்கணிதம் பற்றியது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மாணவர்கள் மனப்பாடம் செய்துவந்த அனுமான வடிவங்கள் அனைத்தையும் அவர் ஒரே சோதனைக்குள் கொண்டுவந்தார். இரண்டு கூற்றுகளையும் அவற்றிலிருந்து பெறும் முடிவின் மறுப்பையும் அடுக்குங்கள். மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்றால், அனுமானம் சரி.

அவருடைய சோதனையை அவருடைய பல்கலைக்கழகத்தின் மேலேயே வைத்துப் பார்ப்போம். ஒன்று, தேவையானதை எல்லாம் முடித்தவர்களுக்குப் பட்டம் உண்டு. இரண்டு, கிறிஸ்டின் எல்லாவற்றையும் முடித்தார். மூன்று, கிறிஸ்டினுக்குப் பட்டம் இல்லை. மூன்றும் சேர்ந்து நிற்காது. இரண்டாவதைப் பல்கலைக்கழகமே மறுக்கவில்லை. அந்த ஆய்வு 1883இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பெயரைத் தாங்கிய தர்க்கவியல் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. மூன்றாவது நடந்த செய்தி. ஆக, பொய் முதலாவதில்தான் இருக்கிறது. 'தேவையானதை முடித்த ஆண்களுக்கு' என்பதுதான் விதி. தகுதி, திறமை என்று பேசியதெல்லாம் வெளிப்பூச்சு.

"அந்தக் காலம் அப்படி" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எந்தக் காலம்? சோஃபியா கோவலெவ்ஸ்கயாவுக்குக் கணிதத்தில் முனைவர் பட்டத்தை ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் 1874இல் கொடுத்துவிட்டது. அமெரிக்காவிலேயே பாஸ்டன் பல்கலைக்கழகம் 1877இல் ஹெலன் மகிலுக்குக் கொடுத்தது. ஏன், ஜான்ஸ் ஹாப்கின்ஸே 1893இல் ஃபுளோரன்ஸ் பாஸ்கமுக்கு நிலவியலில் முனைவர் பட்டம் கொடுத்தது. அன்றைக்காவது பழைய கணக்கைத் தீர்த்திருக்கலாம். அதற்குப் பிறகும் 33 ஆண்டுகள் காக்கவைத்தார்கள். காலத்தின்மேல் பழி போடுவது, முடிவெடுத்தவர்களைத் தப்பிக்க விடுவது.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். 1882இல் அவர் மணந்த ஃபேபியன் ஃபிராங்க்ளினும் கணிதவியலாளர். அதே பல்கலைக்கழகத்தில் 1880இல் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். ஒரே வீட்டில் இரண்டு கணிதவியலாளர்கள், வேலை ஒருவருக்கு. கிறிஸ்டின் ஓயவில்லை. கண் எப்படி நிறம் அறிகிறது என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். ஜெர்மன் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றி, 1892இல் லண்டனில் நடந்த உளவியல் மாநாட்டில் தன் கோட்பாட்டை முன்வைத்தார். 1904 முதல் 1909 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆண்டுக்கு ஒரு பாடம் நடத்த விட்டார்கள். நிரந்தர இடம் தரவில்லை. பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார், சம்பளம் இல்லாமல். டிட்ச்னர் நடத்திய பரிசோதனை உளவியலாளர் வட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்றபோது, கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான். சம்பளத்துக்கு அவர் எதுவும் பண்ணவில்லை, அம்மா. அவருக்குச் சம்பளமே கொடுக்கவில்லை. வீட்டில் கணவரின் வருமானம் இருந்தது, அதனால் ஆராய்ச்சி நிற்கவில்லை. அப்படி ஒரு வருமானம் இல்லாத பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

முனைவர் பட்டம் கழுத்தில் போடும் மாலை இல்லை. வேலைக்கான அனுமதிச் சீட்டு. 35 வயதுக்குள் கையில் வந்திருக்க வேண்டியதை 78 வயதில் கொடுத்தார்கள். பணி ஓய்வு வயதும் தாண்டியபின் கொடுத்தால், ஒரு நாற்காலிகூடக் காலி செய்ய வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பெருந்தன்மை என்ற பெயரும் கிடைத்துவிடும். 1930இல் கிறிஸ்டின் இறந்துபோனார்.

அவர் நேரில் போய் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். அது அவருடையது. ஆனால் கைதட்டு அவருக்கு மட்டும் போகட்டும், கொடுத்தவர்களுக்கு வேண்டாம். அடுத்த முறை "தாமதமாகக் கிடைத்த அங்கீகாரம்" என்று யாராவது மேடையில் நெகிழ்ந்தால், கடைசி பெஞ்சிலிருந்து நீங்களும் எழுந்து கேளுங்கள்: இடைப்பட்ட வருடங்களின் சம்பளம் எங்கே?