தாத்தாவை வெள்ளையாக்காதீர்கள்

பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் பழைய படத்தைப் புதிதாக்கித் தருகிறோம் என்று ஸ்டுடியோக்களும் கைபேசிச் செயலிகளும் இன்று போட்டி போடுகின்றன. கிழிசல் ஒட்டுகிறது, பூஞ்சைக் கறை மறைகிறது, கறுப்பு வெள்ளைப் படம் வண்ணமாகிறது. எல்லாம் ஒரே நிமிடத்தில். அந்த ஒரு நிமிடத்தில் இன்னொன்றும் நடந்துவிடுகிறது: தாத்தா வெளுத்துவிடுகிறார்.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு இப்படித் 'திருத்திய' படம் ஒன்று வந்தது. மூல முகத்தில் இருந்த அம்மைத் தழும்பு காணோம். ஒடுங்கிய கன்னம் உப்பியிருந்தது. மெல்லிய மீசை முறுக்கு மீசையாகியிருந்தது. பேரப்பிள்ளைக்கு மகிழ்ச்சி. கிழவியோ உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றார். நாம் பேச வேண்டிய அரசியல் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

அந்தப் படம் நமக்கு ஏன் முக்கியம்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே. எச். ஹட்டன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எடுத்த படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? அதை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொத்தான் போட்ட சட்டை. வெட்டிய முடி. காலில் பூட்சு. நாற்காலியில் நிமிர்ந்த முதுகு. ஒரே படத்தில் எத்தனை தடைகள் உடைந்திருக்கின்றன! அது வெறும் நினைவுப்பொருள் அல்ல, சாட்சியம். சாட்சியத்தை யாராவது அழகுபடுத்துவார்களா?

"படம் நன்றாக இருந்தால் என்ன தப்பு?" என்று கேட்கும் தோழர்களுக்கு: எது 'நன்று' என்று முடிவு செய்தது யார்? செயலி தனக்குக் கொடுக்கப்பட்ட ஆயிரமாயிரம் முகங்களிலிருந்துதான் புதிய முகத்தைச் செய்கிறது. தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்புகிறது. அந்த ஊகம் கறுப்பைக் குறையாகவும் தழும்பைக் கறையாகவும் எடுத்துக்கொண்டால், சாதிச் சமூகத்தின் கண் எந்திரத்துக்குள்ளும் ஏறிவிட்டது என்றுதான் பொருள்.

இன்னொரு பக்கம், "வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்தவன் படம்தானே" என்று ஏளனம் செய்வோரும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். எல்லாச் சாதிகளிலிருந்தும் போனார்கள். தேசபக்திச் சான்றிதழை நம் வீட்டுச் சுவரிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

அதற்காக வெள்ளையர் ராணுவத்தை நமது விடுதலைப்படை என்று நாம் கொண்டாடவும் தேவையில்லை. அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அந்தப் படிப்பு வாசலைத் திறந்த அதே அரசு, 'போர்க்குல'க் கதை பேசி 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 111ஆம் மகர் படை வந்தது. போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. 1941இல் மறுபடி மகர் ரெஜிமென்ட். 1943இல் அமைந்த சமார் ரெஜிமென்ட் கோஹிமாவில் போரிட்டது. 1946இல் அதையும் கலைத்தார்கள். வேண்டும்போது கூப்பிடுவது, வேலை முடிந்ததும் அனுப்புவது. பண்ணையார் புத்தியும் இதுதானே?

செத்தவர்களையும் சமமாக நடத்தவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தானே வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப்போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எவ்விதத்திலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. சாலை போட்டவர், மூட்டை சுமந்தவர், சமைத்தவர், கழிவு அள்ளியவர் எல்லாரும் போருக்குப் போனவர்களே. உங்கள் தாத்தாவின் கையில் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி இருந்தால் அதுவே இருக்கட்டும். துப்பாக்கியை வரைந்து சேர்க்காதீர்கள்.

ஆகவே தோழர்களே, படத்தைக் காப்பாற்றுங்கள், ஆனால் இப்படி:

கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகமே உரிந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்துப் படம்பிடியுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பேனா எழுத்தும் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் செய்ய முடிந்தால் 600 டிபிஐ, டிஃப் கோப்பு. அந்தக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கீறலையும் மடிப்பையும் நீக்கலாம். முகத்தில் அழிந்த பகுதி அழிந்ததாகவே இருக்கட்டும். தொப்பிச் சின்னம், தோள்பட்டை, கைப்பட்டி, பதக்க நாடா எதையும் ஊகித்து வரையாதீர்கள். படைப்பிரிவைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்கள் அவை. வண்ணம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், 'வண்ணம் பிற்காலச் சேர்க்கை' என்று படத்தின் கீழே எழுதுங்கள்.

பிறகு பெட்டியைத் திறங்கள். படைவிலக்குச் சான்று, சம்பளப் புத்தகம், பழைய கடிதம் எது இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கமென்றால் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். போரில் இறந்தவரென்றால் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றித் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சிதைத்து எழுதியிருப்பார்கள் என்று யோசித்துத் தேடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலிருக்கும் முதியவரிடம் கேளுங்கள். தாத்தா எந்த ஊரில் பட்டாளத்தில் சேர்ந்தார், எங்கே போனார், திரும்பி வந்தபோது ஊர்த்தெருவில் பூட்சுக் காலோடு நடக்க விட்டார்களா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். கறை படிந்த படத்தை அடுத்த ஆண்டும் சரிசெய்யலாம். அந்தப் பதில்களைச் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது.