என்ன சோலி?

சாத்தான்குளத்திலிருந்து கருமேனியாற்றுப் பாலம் கடந்து மணப்பாடு கடற்கரைக்கு ஒரு பெண் தனியே சைக்கிளில் போனால், 'என்ன சோலி?' என்று கேட்க வழியெங்கும் ஆளுண்டு. ஆணைக் கேட்பாரில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவசச் சைக்கிள் தந்தது. பின்னர் திட்டம் விரிந்தது. கொண்டாடுகிறோம். ஆனால் நம் முற்போக்குக் கட்டுரைகளில் அந்தச் சைக்கிள் பள்ளிக்கும் சந்தைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மட்டுமே போகிறது. காற்று வாங்கப் போவதில்லை. பயன் சொன்னால்தான் அவளுக்குப் பாதையா?

சங்கப் புலவர்கள் நெய்தல் மணலில் பெண்களைச் சிற்றில் கட்டி விளையாட விட்டார்கள். இற்செறிப்பும் அங்கே உண்டே என்பீர்கள். அதை மட்டும்தான் நாம் மறக்காமல் வைத்திருக்கிறோம்.