மினுக்கம் குறையட்டும், நிறம் இருக்கட்டும்



சித்திரை மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு சாமத்திய வீடு, மருதனார்மடச் சந்திக்குக் கிட்டத்தான். அல்பம் வந்த அன்று அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஐந்தாறு பக்கம் போனதும் நிமிர்ந்து, "இதில எங்கட பிள்ளை எங்க?" என்று கேட்டார். பிள்ளை அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். படத்தில் அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. கழுத்துக்குக் கீழேயும் கைகளிலும்தான் அவளுடைய சொந்த நிறம்.

படம் எடுத்த தம்பியிடம் கேட்டோம். அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "முகம் சரியா மினுங்கினது அக்கா. அதை எடுக்கப்போய் இப்பிடி வந்திட்டுது" என்றார். சித்திரை வெக்கை, சனம் நிறைந்த மண்டபம், முகத்துக்கு நேரே வீடியோ லைற். மினுங்காமல் என்ன செய்யும்?

அந்த மினுக்கம் எங்கிருந்து வருகிறது? தோலின் எண்ணெய்ப் பசையும் வேர்வையும் முகத்தின் மேல் மெல்லிய கண்ணாடி போலப் படிந்திருக்கின்றன. விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கை அது அப்படியே திருப்பி அடிக்கிறது. அந்தப் பங்கில் தோலின் நிறமே இராது, விளக்கின் வெள்ளைதான் இருக்கும். மிச்ச ஒளி தோலுக்குள் போய்ச் சிதறி, நம் நிறத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறது. கறுத்த தோலில் இப்படித் திரும்பி வரும் ஒளி குறைவு. அதனால் அதே நான்கைந்து பங்கு மினுக்கம் வெள்ளைத் தோலில் தெரிவதைவிட நம் முகங்களில் எடுப்பாகத் தெரிகிறது. பிழை தோலில் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எண்ணெய்க்காப்புச் சாத்திய கருங்கல் விக்கிரகத்துக்குத் தீபம் காட்டும்போது மூக்கும் கன்னமும் நாடியும் நமக்கு எப்படித் தெரிகின்றன? அந்த மினுக்கத்தால்தானே! முகத்தின் மேடு பள்ளத்தைக் காட்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. முழுக்கத் துடைத்துவிட்டால் அப்பம் மாதிரித் தட்டையான முகம்தான் மிஞ்சும். அளவாகக் குறைத்தால் போதும்.

அதற்குப் பெரிய கமராவும் வேண்டாம், போட்டோஷொப்பும் வேண்டாம். மணவறையில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் ரிஷூவோ பருத்தி லேஞ்சியோ வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். நெற்றியிலும் மூக்கிலும் நாடியிலும் மெல்ல ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்க்கக் கூடாது. அதன் பிறகு கொஞ்சமாகப் பவுடர். வேர்வைக்கு மேலேயே பவுடரைப் போட்டால் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்துவிடும். பிளாஷ் பட்டால் இன்னும் மோசம்.

ஒளிதான் முக்கியம். சின்ன விளக்கு முகத்துக்கு நேரே எரிந்தால் சின்னதாக, கூர்மையாக ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அதே ஒளி அகலமான இடத்திலிருந்து வந்தால் மினுக்கம் பரவி மங்கிவிடும். பிளாஷை வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்ப விடலாம். பச்சைச் சுவர் என்றால் பிள்ளையின் முகமும் பச்சையாகிவிடும், கவனம். லைற்றுக்கு முன்னால், சூடு படாத தூரத்தில், ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தாலும் சரி. இவை எதுவும் இல்லையென்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு விறாந்தை நிழலில் நிறுத்தி எடுங்கள். நான் பார்த்த நல்ல குடும்பப் படங்களில் பாதி விறாந்தையில் எடுத்தவை.

எடுத்த பிறகு திருத்தத்தான் வேண்டும் என்றால், படம் எடுப்பவரிடம் "மினுக்கத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கோ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "வடிவாக்கித் தாங்கோ" என்றால் நம் ஊரில் அதற்கு "வெள்ளையாக்கித் தாங்கோ" என்றுதான் அர்த்தம். படத்தொழிலிலும் இந்தச் சாய்வு இருந்தது. பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்கக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் பல வருடங்களாக வெள்ளைக்காரப் பெண்களின் படமே இருந்தது. அந்த முகத்துக்கு அமைத்த நிறத்தில்தான் உலகின் பல இடங்களில் படங்கள் கழுவப்பட்டன. இன்று போனில் இருக்கும் 'பியூட்டி' பொத்தான் பல வேளை அதே வேலையைச் செய்கிறது. மினுக்கத்தோடு சேர்த்து நிறத்தையும், கன்னத்து மச்சத்தையும், சில வேளை நெற்றித் திருநீற்றையும்கூட வழித்துவிடுகிறது.

பாஸ்போட் படத்துக்கு உலகம் பின்பற்றும் விதியும் இதைத்தான் கேட்கிறது. முகத்தில் ஒளித்திட்டு விழக்கூடாது, தோலின் நிறம் இயல்பாக இருக்கவேண்டும். கடவுச்சீட்டுக்கு வேண்டிய நேர்மை கலியாண அல்பத்துக்கு வேண்டாமா?

எனக்கு மனம் பொறுக்காத இடம் வேறொன்று. இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டில் போடுவதற்குப் படம் கொண்டுவருகிறார்கள். ஐயாவின் முகத்தைப் பார்க்க இருப்பது அந்த ஒரே படம், ஏதோ கலியாண வீட்டில் பிளாஷ் போட்டு எடுத்தது. நெற்றி முழுக்க வெள்ளை. அளவு மீறி வெளுத்த இடத்தில் கீழே ஒன்றுமே பதிந்திருக்காது. எந்த மென்பொருளாலும் அந்த நெற்றியின் சுருக்கத்தை உள்ளபடி திருப்பித் தர முடியாது. பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டலாம், அவ்வளவுதான். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இந்தக் கிழமையே ஒருநாள் காலையில், முகம் கழுவித் துடைத்துவிட்டு, விறாந்தையில் கதிரையைப் போட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த இதழின் குடும்பப் பக்கத்துக்குப் படம் அனுப்புகிறவர்கள் கமராவில் விழுந்தபடியே அனுப்புங்கள். மினுக்கம் இருந்தால் நாங்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம். நிறத்தில் கை வைக்கமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்