பந்தை விடுங்க, நடையைப் பாருங்க!

டி.வி.யில் கோல்ஃப் வந்தால், 'பணக்காரங்க சமாசாரம்' என்று சேனலை மாற்றிவிடுகிறோம். மாற்றும் முன் ஆட்டக்காரர்களின் கால்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.

டெல்லி பக்கம் குருகிராமில் உள்ள டி.எல்.எஃப். மைதானத்தில் 2017 முதல் பலமுறை இந்தியன் ஓப்பன் நடந்திருக்கிறது. 18 குழிகள், 7,000 கஜத்துக்கு மேல். பந்து போன பக்கமெல்லாம் போனால் ஒரு சுற்றுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். அப்படி நான்கு நாள்! பை தூக்கும் கேடிக்கும் அதே தூரம்தான், தோளில் சுமையோடு. (அவருக்குக் கோப்பை கிடையாது, பாவம்!)

ஸ்வீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2008-ல் ஒரு கணக்கு சொன்னார்கள். மற்றவர்களைவிட இவர்களிடையே மரண விகிதம் 40 சதவிகிதம் குறைவாம். வசதியானவங்க, அதான் என்கிறீர்களா? வயது, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். ஆட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், திறந்தவெளியில் நாலு மணி நேர நடை சும்மா போகுமா?

நமக்கு வேண்டியது அந்த நடைதான். அதற்குப் புல்வெளியும் கிளப் சந்தாவும் எதற்கு? காஞ்சிபுரம் பக்கத்துத் தாமல்காரர்களுக்குப் பெரிய ஏரியே இருக்கிறது. சர்க்கரை உள்ள அப்பாவைக் காலையில் கரைப்பக்கம் கிளப்புங்கள். அம்மாவும் போகட்டும். 'வீட்டு வேலையே போதும்' என்பார், விடாதீர்கள். அன்றைக்குக் காபியை வேறு யாராவது போடலாம், குடி முழுகிவிடாது. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு, பையில் இரண்டு மிட்டாயோடு கிளம்புங்கள்.