"அது அப்படித்தான்" என்று சொன்ன டீச்சரின் ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பேத்தி வீட்டுப்பாட நோட்டோடு வந்து நின்றாள். 'கோ' என்ற வினைச்சொல்லுக்கு இறந்த காலம் 'கோஎட்' என்று எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. "ஆச்சி, வாக் – வாக்ட், ஜம்ப் – ஜம்ப்ட். அப்போ கோ – கோஎட்தானே? 'வென்ட்' எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை 1989-இல் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லி, நூறு தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் எனக்கே பதில் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் 'கோ – வென்ட் – கான்' என்று பாட்டாகச் சொல்லத்தான் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கித் தந்த பெரிய அகராதியில் சொற்களின் பிறப்பைப் படிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது.

'வென்ட்' என்பது 'கோ'வின் பிள்ளையே இல்லை. அது இரவல்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் மூலச்சொல் 'கான்'. அதன் இறந்த காலம் 'ஏஓடெ'. அதுவும் வேறு வேரில் பிறந்த சொல்தான். அப்போது 'வெண்டன்' என்று இன்னொரு வினைச்சொல்லும் இருந்தது. திருப்பு, திரும்பு என்று பொருள். ஜெர்மன் மொழியில் 'வெண்டன்' இன்றும் அதே பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'வெண்ட்' ஆகி, 'ஒரு பக்கமாகத் திரும்பிப் போ' என்ற பொருளுக்கு நகர்ந்தது. அதன் இறந்த காலம்தான் 'வென்ட்'. 1500-ஐ ஒட்டி, பழைய 'ஏஓடெ' வழக்கொழிய, அதன் இடத்தில் 'வென்ட்' வந்து உட்கார்ந்துகொண்டது.

பேத்திக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். செண்ட் – சென்ட். பெண்ட் – பென்ட். லெண்ட் – லென்ட். ஸ்பெண்ட் – ஸ்பென்ட். கடைசியில் 'டாக்' எழுத்து போய், 'டைகர்' எழுத்து வருகிறது. இதே வரிசையில் வெண்ட் – வென்ட். "அட, இது ஒழுங்காத்தான் இருக்கு!" என்றாள். ஆமாம், தன் சொந்த வீட்டில் அது ஒழுங்கான பிள்ளைதான். அடுத்த வீட்டில் பார்த்ததால்தான் நமக்கு அந்நியமாகத் தெரிகிறது. ஜெர்மனிலும் டச்சிலும் 'போனான்' என்பதற்கு 'கிங்', சுவீடிஷில் 'கிக்'. அங்கெல்லாம் 'க' ஓசை மாறவில்லை.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஸ்காட்ஸ் மொழி, 'வென்ட்'டை எடுத்துக்கொள்ளாமல், தன் 'கோ'வோடு இறந்தகால விகுதியைச் சேர்த்து 'கேய்ட்' என்று புதிதாகச் செய்துகொண்டது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்தச் சொல்லைக் கவிதையில் எழுதியிருக்கிறார். அதாவது, ஸ்காட்லாந்து மக்கள் செய்த அதே வேலையைத்தான் அந்த மூன்றாவது பெஞ்சுப் பையனும் செய்தான். நான் அதற்கு நூறு தடவை எழுத வைத்தேன்.

'கோஎட்' சரி என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சையில் 'வென்ட்' என்றுதான் எழுத வேண்டும், நாம் அதைத்தான் கற்றுத்தர வேண்டும். ஆனால் அந்தத் தவறு சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. விதியைத் தானே கண்டுபிடித்துப் பொருத்திப் பார்க்கும் பிள்ளைதான் அப்படி எழுதும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் இந்தத் தவறைச் செய்துவிட்டுத்தான் தாண்டி வருகிறார்கள்.

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதையெல்லாம் எங்கே சொல்வது?" என்று பணியில் இருக்கும் தம்பி தங்கைகள் கேட்பீர்கள். நானும் அந்த அவசரத்தில் வாழ்ந்தவள்தான். ஆனால் கரும்பலகையில் அந்த ஐந்து ஜோடியை எழுத ஐந்து நிமிடம் போதும். பதில் தெரியாவிட்டால், "நல்ல கேள்வி, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல அதுவும் வேண்டாம். 'அது அப்படித்தான்' என்று சொல்வதால் நேரம் மிச்சமாகலாம், ஒரு பிள்ளையின் கேள்வி அதோடு நின்றுபோகும்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். எங்கேயாவது இதைப் படித்தால், தம்பி, நீ யோசித்த விதம் சரி. சிரித்த டீச்சர்தான் தப்பு.