இரட்டைக் கோபுரத்தில் யார் உசத்தி? 2 அடிதடி சொல்லும் கணக்கு!

ஒரே அணியில் 2 ராட்சதர்கள்! ஒருவர் உயரம் 7 அடி 4 அங்குலம். இன்னொருவர் 7 அடி. குனியாமல் வாசல்படி தாண்ட முடியாத ஆசாமிகள்!

அமெரிக்காவின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் கூடைப்பந்து அணியில் 1984-ல் சேர்ந்த ஜோடி இது. உயரமானவர் ரால்ஃப் சாம்ப்சன். மற்றவர் நைஜீரியாவில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான். "இரட்டைக் கோபுரம்" என்று பட்டப் பெயர்.

இருவருமே 'சென்டர்'. அதாவது கூடைக்கு அடியில் சுவர் மாதிரி நின்று, எதிரியின் பந்தைத் தட்டிவிட்டு, தன் பந்தைக் கூடையில் போடுகிறவர். இதில் அணிக்கு யாரால் லாபம் அதிகம்?

"இதென்ன கேள்வி? ஒலாஜுவான்தான்!" என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். சரிதான். ஆனால் அதற்காக சாம்ப்சனை "தேறாத சரக்கு" என்று தள்ளுகிறார்களே, அது நியாயமா?

இடம் விட்டவர் யார்?

1982-83-ல் ராக்கெட்ஸ் ஆடியது 82 ஆட்டம். ஜெயித்தது வெறும் 14! அடுத்த ஆண்டு சாம்ப்சன் வந்தார். வெற்றி 29 ஆனது. சிறந்த புதுமுகம் என்ற விருதும் அவருக்கே. அதற்கடுத்த ஆண்டு ஒலாஜுவானும் வந்து சேர, வெற்றி 48!

புது ஆள் வந்ததும் சென்டர் இடத்தை விட்டுக்கொடுத்து, கூடையை விட்டுத் தள்ளி நின்று ஆடியவர் சாம்ப்சன். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் அடிதடி

1986 மே மாதம். எதிரி, முந்தைய ஆண்டு சாம்பியன் லேக்கர்ஸ். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. கைகலப்பில் இறங்கிய ஒலாஜுவானை நடுவர் வெளியேற்றிவிட்டார். அணி கதி அதோகதி என்று நினைத்தார்கள்.

112-112 என்று சமநிலை. பாக்கி 1 விநாடி! அந்தரத்தில் பந்தைப் பிடித்த சாம்ப்சன், உடம்பை முறுக்கி அப்படியே கூடைப் பக்கம் வீசினார். பந்து வளையத்தில் பட்டுக் குதித்து உள்ளே விழுந்தது. லேக்கர்ஸ் அவுட்!

இரண்டாவது அடிதடி

அடுத்த மாதமே கதை தலைகீழ். இறுதிப் போட்டியில் எதிரி பாஸ்டன் செல்டிக்ஸ். 5-வது ஆட்டத்தில், தன்னைவிட ஓர் அடிக்கு மேல் குள்ளமான ஜெர்ரி சிச்சிங்கோடு மல்லுக்கு நின்றார் சாம்ப்சன். வெளியேற்றப்பட்டார். தனியாக நின்ற ஒலாஜுவான் 32 புள்ளி எடுத்து ஆட்டத்தை வாங்கிக் கொடுத்தார். ஆனால் 6-வது ஆட்டத்தில் தோற்று, கோப்பை கை நழுவியது.

ஒருவர் சறுக்கியபோது மற்றவர் தாங்கினார். அந்த ஆண்டுக் கணக்கில் இருவரும் சமம்!

முழங்கால் செய்த வேலை

பிறகு எங்கே பிரிந்தது? திறமையில் அல்ல, முழங்காலில்! 1986 மார்ச்சிலேயே கீழே விழுந்து முதுகில் அடிபட்டவர் சாம்ப்சன். 1987-ல் முழங்காலும் போச்சு. அதே ஆண்டு டிசம்பரில் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அறுவை சிகிச்சைகள் செய்தும் பழைய பாய்ச்சல் திரும்பவில்லை.

ஒலாஜுவானோ ஹூஸ்டனில் 17 சீசன் உழைத்தார். 1994, 1995 இரண்டிலும் கோப்பை! அவர் தட்டிவிட்ட பந்துகள் மொத்தம் 3,830. இன்றும் அதுதான் சாதனை.

தீர்ப்பு

17 ஆண்டு கடை திறந்தவருக்கும் 4 ஆண்டு திறந்தவருக்கும் லாபம் ஒன்றாக இருக்காது. ஒலாஜுவானே உசத்தி. சந்தேகமில்லை.

ஆனால் உடம்பு ஒத்துழைக்காததை ஒரு மனிதனின் குற்றமாக எழுதக் கூடாது. படுத்துக் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்திய முதல் தோள் சாம்ப்சனுடையது. கூடைப்பந்து புகழ் மண்டபம் 2008-ல் ஒலாஜுவானைச் சேர்த்தது. 2012-ல் சாம்ப்சனையும் சேர்த்தது. மண்டபத்துக்குத் தெரிந்த கணக்கு, வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?