பிசிறு யார் கணக்கில்?

கோயம்புத்தூர் கணபதிப் பக்கத்தில் ஒரு சிறு பட்டறைக்குள், துளை போட்டு முடிந்த அலுமினியப் பாகங்கள் டிரேயில் குவிந்து கிடக்க, மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, டியூப்லைட்டுக்கு நேரே திருப்பி, விரல் நுனியால் துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, கைச் சுரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டிருந்ததை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அவர் நிமிர்ந்து, "ட்ரில்லு மொண்ணையாயிருச்சுங்ணா, சாணை புடிச்சுப் போடுங்" என்றார். இயந்திரத்தின் அருகிலேயே நின்றவருக்குத் தெரியாதது, பிசிறின் தடிப்பைக் கொண்டு அவருக்குத் தெரிந்துவிட்டது.

உலோகத்தை வெட்டுவது கத்தரிக்காய் அரிவது போன்ற காரியமன்று. கருவியின் முனைக்கு முன்னால் உலோகம் நசுங்கி, வழுக்கி, அதன்பின்தான் சீவலாகப் பிரிகிறது. எதிர்ப்புறம் முட்டுக் கொடுக்க உலோகம் இருக்கும்வரை இது ஒழுங்காக நடக்கும். ட்ரில் அடிப்புறத்தை நெருங்க நெருங்க அந்த முட்டு மெலிந்து, வெட்டுப்படுவதைவிட வளைந்து கொடுப்பதே உலோகத்துக்குச் சுலபமாகிவிட, அப்படி வளைந்தது அறுபடாமல் விளிம்பிலேயே பிசிறாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் ட்ரில் நுழையும் வாயைவிட வெளியேறும் வாயில் பிசிறு அதிகம். வார்ப்பிரும்பு நொறுங்கும் சுபாவமுடையதாகையால் அதன் விளிம்பு பெயர்ந்து விழுமே தவிர, இப்படி இழுபடாது. அலுமினியமும் செம்பும் தாராளமாக இழுபடும். முனை மழுங்கினாலோ கேட்கவே வேண்டாம். 1976-இல் கில்லெஸ்பி, ப்ளாட்டர் என்னும் இருவர் பிசிறு பிறக்கும் விதங்களை வகை பிரித்து எழுதிய பிறகுதான் இது ஆராய்ச்சிக்குரிய விஷயம் என்ற கௌரவமே இதற்குக் கிடைத்தது எனலாம்.

அற்ப விஷயம் என்று தள்ளுவதற்கில்லை. ஹைட்ராலிக் வால்வுக்குள் இரு துளைகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் தங்கிவிட்ட பிசிறு, என்றோ ஒரு நாள் எண்ணெயின் வேகத்தில் பிய்ந்து போய், நகர வேண்டிய தண்டை நகரவிடாமல் சிக்கவைத்துவிடும்.

இதில் என்னுடைய ஆட்சேபம் ஒன்றே. வரைபடம் போடுகிறவர், சுரண்டியும் அரமும் எட்டாத இடத்தில் குறுக்குத் துளையைச் சாவகாசமாக வரைந்துவிட்டு, மூலையில் 'பிசிறு கூடாது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று நினைக்கிறார். பட்டறை முதலாளி எனக்குக் காட்டிய கொட்டேஷனில் டர்னிங்குக்கும் ட்ரில்லிங்குக்கும் டாப்பிங்குக்கும் தனித்தனியே தொகை இருந்தது. பிசிறு எடுப்பதற்கு வரியே இல்லை. "போட்டா ஆர்டர் வேற பட்டறைக்குப் போயிருமுங்க" என்றார் அவர், நியாயமாகத்தான். ஆக, வரைபடத்தில் உண்டான செலவு, பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் தலையில் போய் விடிகிறது.

எந்த விளிம்பு எவ்வளவு மழுங்கலாம், எங்கே கூர்மை அவசியம் என்பதைக் குறிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13715 என்று சர்வதேச முறையே இருக்கிறது. வேலை கொடுக்கும் கம்பெனிகள் அதன்படி விளிம்புதோறும் அளவைக் குறித்துக் கொடுக்கட்டும். அளவு குறித்த விளிம்புக்குப் பட்டறையும் தயங்காமல் கூலி கேட்கட்டும். ட்ரில் வெளியேறும் வாயில் ஒரு சிறு சரிவை வரைபடத்திலேயே காட்டிவிட்டால், அந்த அம்மாளின் டிரேயில் பாதி வேலை குறையும்.